பிறந்து ஒன்றரை நாள்: வி1647 ஓரையோனிஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

2019 டிசம்பர் 26, அமாவாசை. காலையில் வளைய சூரிய கிரகணம். வளையம் கோவை, கரூர், திண்டுக்கல் பக்கம் போனவர்களுக்குத்தான் கிடைத்தது. கிருஷ்ணகிரியில் எங்களுக்குப் பகுதி கிரகணம். அரையாண்டு விடுமுறை என்றாலும் பள்ளி மைதானத்துக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்களோடு பார்த்து முடித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு, சாயங்காலம் தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி சாலையில் இருக்கிற மாமா ஊருக்குக் கிளம்பிவிட்டேன். வண்டியில் 80 மில்லிமீட்டர் தொலைநோக்கி, அதில் பொருத்தும் கேமரா, பழைய கார் பேட்டரி ஒன்று.

அந்த ஊருக்குப் போனதே இருட்டுக்காகத்தான். வடக்கே ஓசூர், அதற்குப் பின்னால் பெங்களூரு என்று அடிவானம் முழுக்க மஞ்சள் வெளிச்சம் ஏறிக் கிடக்கும். ஆனால் தலைக்கு மேலே வானம் சுத்தமாக இருக்கும். நான் தேடிப்போன இடம் நடு இரவுக்குக் கொஞ்சம் முன்னால் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும்: ஓரையன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று மீன்களுக்கு வடகிழக்கே, எம்78 என்ற நெபுலா, அதாவது விண்வெளியில் ஒளிரும் தூசி, வாயு மேகம். அதிலிருந்து தென்மேற்கே, முழு நிலாவின் அகலத்தில் பாதிகூட இல்லாத தூரத்தில், ஒரு காலி இடம். தலைப்பில் சொன்ன வி1647 என்ற பச்சிளம் விண்மீன் இருப்பது அங்கேதான்.

மாமா கேழ்வரகு அறுத்துக் களத்தில் போர் போட்டிருந்தார். போருக்கு யானை வரும் என்பதால் அவருக்கு இராத்திரி முழுக்கக் காவல். டார்ச்சை என் பக்கம் அடிக்காதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னாடா பாக்கற அங்க?"

"அங்க ஒரு மேகம் இருந்துது மாமா. இப்ப இருக்குதா இல்லையான்னு பாக்கறேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னு எழுதி வெப்பேன்."

சிரித்தார். "நல்ல வேலைடா. யானை வரலன்னு நானும் தினம் எழுதி வெக்கலாம் போல."

நிகழ்வு

2004 ஜனவரி 23. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜே மெக்நீல் என்ற அமெச்சூர் வானியலாளர் தன் வீட்டு முற்றத்திலிருந்து எம்78-ஐப் படம் எடுக்கிறார். கருவி 76 மில்லிமீட்டர் லென்ஸ் தொலைநோக்கி. என்னுடையதைவிட ஒரு சுற்று சின்னது. படத்தைச் சரிசெய்து பார்க்கும்போது, எம்78 பக்கத்தில் விசிறி விரித்தது போல ஒரு சிறு வெளிச்சம். வான வரைபடங்களில் அந்த இடத்தில் அப்படி ஒன்று கிடையாது. முன்பு வேறு ஆட்கள் எடுத்த படங்களிலும் அப்போது தேடியவரைக்கும் இல்லை.

எம்78 ஒன்றும் யாரும் பார்க்காத மூலை அல்ல. 1780-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. குளிர்காலம் வந்தால் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் கேமராவைத் திருப்பும் இடம். அங்கே ஒரு புது நெபுலாவை மூன்று அங்குலத் தொலைநோக்கியால் ஒருவர் பிடித்தார் என்றால், அது அங்கே ஏற்கெனவே இருந்து யார் கண்ணிலும் படாமல் போயிருக்க வழியில்லை. புதிதாக வந்திருக்க வேண்டும்.

பிப்ரவரிக்குள் பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. விசிறியின் நுனியில், தூசிக்குள் புதைந்து ஒரு விண்மீன். அகச்சிவப்புக் கதிரில் வானத்தை அலசிய ஐராஸ் செயற்கைக்கோள் 1983-லேயே அதைப் பட்டியலில் சேர்த்திருந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில்தான் அது பெயருக்குக்கூட இல்லாமல் இருந்தது. பிறகு அதற்கு வி1647 ஓரையோனிஸ் என்ற பெயர் வந்தது. வெளிச்ச விசிறியை மெக்நீல் நெபுலா என்கிறார்கள்.

நெபுலா என்று சொன்னாலும் புதிதாக ஒரு மேகம் உண்டாகவில்லை. மேகம் அங்கேயேதான் இருந்தது. ஜன்னல் கதவு கொஞ்சம் திறந்திருக்கும் வீட்டில் உள்ளே விளக்கு போட்டால் வெளியே மூடுபனியில் ஒரு பட்டை வெளிச்சம் விழும் இல்லையா, அதுபோல. விண்மீன் தன் துருவத்துப் பக்கமாக ஊதித் தள்ளி வைத்திருந்த ஒரு குழிவு வழியே ஒளி வெளியே வந்து, பக்கத்துத் தூசியில் பட்டுச் சிதறியது. விளக்கு போட்டது யார், ஏன் என்பதுதான் கேள்வி.

பச்சிளம் விண்மீன் என்று எப்படித் தெரியும்

பள்ளியில் ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது இதைக் கேட்டுவிடும். விண்மீனுக்குப் பிறப்புச் சான்றிதழா இருக்கிறது? இருக்கிறது என்றே சொல்லலாம், ஆனால் ஒரே தாளில் இல்லை. நாலைந்து இடத்தில் சிதறிக் கிடக்கிறது.

கதை 1852-இல் தொடங்குகிறது. கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒரு மங்கலான விண்மீனை ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் கவனித்தார். டி டௌரி என்று பெயர். அதன் ஒளி ஒழுங்கில்லாமல் கூடியும் குறைந்தும் வந்தது. 1945-இல் ஆல்ஃபிரட் ஜாய் அதே குணமுள்ள பதினொரு விண்மீன்களை ஒரு குடும்பமாகத் தொகுத்தார். எல்லாமே கருந்தூசி முகில்களை ஒட்டியே இருந்தன. நிறமாலையில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் பட்டையில், எல்லாவற்றிலும் ஹைட்ரஜன் கோடுகள் பளிச்சென்று எரிந்தன. அமைதியான விண்மீனில் அந்தக் கோடு கறுப்பாக, ஒளியை விழுங்கியபடி இருக்கும். இவை பிள்ளைகள்தான் என்று 1940-களின் இறுதியில் விக்டர் அம்பார்ட்சுமியன் வாதிட்டார். பிறந்த தொட்டிலை விட்டு இன்னும் நகராமல் இருக்கின்றன என்பது ஒரு முக்கியமான தடயம்.

எனக்குப் பிடித்த சான்று லித்தியம். சுமார் 25 லட்சம் டிகிரி வெப்பத்திலேயே லித்தியம் அழிந்துவிடும். சூரியனைப் போன்ற விண்மீன் இளமையில் சோறு கொதிப்பது போல மேலும் கீழும் புரண்டுகொண்டே இருக்கும். அப்போது மேலே இருக்கும் லித்தியம் அடியில் போய் எரிந்து தீரும். சூரியனின் மேற்பரப்பில் இன்று, தொடக்கத்தில் இருந்த லித்தியத்தில் நூறில் ஒரு பங்குகூட மிச்சம் இல்லை. டி டௌரி வகை விண்மீன்களின் நிறமாலையிலோ லித்தியக் கோடு அழுத்தமாக நிற்கிறது. அடுப்பில் வைத்து இன்னும் அதிக நேரம் ஆகவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது அகச்சிவப்பு மிகுதி. விண்மீனின் பரப்பு வெப்பத்துக்கு வர வேண்டிய அளவைவிட நீண்ட அலைகளில் கூடுதலாக ஒளி வருகிறது. அது விண்மீனுடையது அல்ல. சுற்றிலும் தட்டு போலச் சுழலும் தூசியும் வாயுவும் சூடேறி விடுகிற ஒளி. இந்த வட்டுகள் நெடுநாள் நிற்பதில்லை. பெரும்பாலும் சில பத்து லட்சம் வருடங்களில் கலைந்துவிடுகின்றன. அதனால் வட்டு இருக்கிறது என்றாலே வயது குறைவு. வட்டுக்கு வெளியே உறை போல மேகமும் சுற்றிக்கொண்டிருந்தால் இன்னும் குறைவு. வி1647 அந்தக் கடைசி இரகம். உறை முழுக்க விலகாத நிலை.

இந்த வயதில் விண்மீனின் அடுப்பும் இன்னும் சரியாகப் பற்றவில்லை. நாம் சூரியன் என்றதும் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும் அணுக்கரு இணைவைச் சொல்கிறோம். அதற்கு மையத்தில் சுமார் ஒரு கோடி டிகிரி வேண்டும். பச்சிளம் விண்மீனில் அவ்வளவு சூடு கிடையாது. பத்து லட்சம் டிகிரியில் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் மட்டும் கொஞ்சம் எரிகிறது. மற்றபடி ஒளி வருவது தன் எடையால் தானே சுருங்குவதாலும், மேலிருந்து பொருள் வந்து விழுந்து மோதுவதாலும்தான். சூரியன் அளவுள்ள ஒன்று சுருங்கி முடித்து நிலையான எரிப்புக்கு வரச் சுமார் நான்கைந்து கோடி வருடம் பிடிக்கும்.

வி1647-க்கு வயது பத்து லட்சம் வருடத்துக்கும் குறைவு. ஐந்து லட்சம் என்று வைத்து ஒரு கணக்குப் போடுவோம். சூரியனைப் போன்ற விண்மீனின் ஆயுள் ஆயிரம் கோடி வருடம். அதை 80 வயது மனித ஆயுளாகச் சுருக்கினால், இந்த விண்மீன் பிறந்து ஒன்றரை நாள் ஆகிறது. 1966 முதல் 2018 வரை நாம் அதைக் கவனித்த 52 வருடங்கள் அந்தக் கணக்கில் 13 நொடி.

பதின்மூன்று நொடி ஒரு கைக்குழந்தையைப் பார்த்தால் என்ன தெரியும்? ஒருவேளை அழுகையோ, பால் குடிப்பதோ தெரியலாம். நமக்கு வாய்த்தது இரண்டாவது.

1966, 2003, 2008

செய்தி வந்ததும் பழைய படங்களைத் தோண்டினார்கள். அந்தப் பகுதியைத் தற்செயலாகப் பிடித்திருந்த படங்களை வரிசைப்படுத்தியபோது வெடிப்பு 2003 நவம்பர் வாக்கில் தொடங்கியது தெரிந்தது. நான்கு மாதத்துக்குள் சிவப்புக்கு அப்பாற்பட்ட ஒளியில் கிட்டத்தட்ட ஐந்து பிரகாச அளவு ஏறியிருந்தது. ஐந்து அளவு என்றால் நூறு மடங்கு. வெடிப்பு என்ற சொல்லைப் பழக்கத்தால் சொல்கிறோம். எதுவும் வெடித்துச் சிதறவில்லை, விண்மீன் அப்படியே இருக்கிறது. ஏற்றம் என்பது சரியான சொல்லாக இருக்கலாம்.

இன்னும் பின்னால் போனபோது ஓர் ஆச்சரியம். 1966 அக்டோபரில் ஓர் அமெச்சூர் எடுத்த எம்78 படத்தில் அதே விசிறி இருக்கிறது! அந்தப் படம் புத்தகத்தில் அச்சாகி, வானம் பார்ப்பவர்கள் பலர் வீட்டு அலமாரியில் பல வருடம் இருந்திருக்கிறது. யாருக்கும் உறைக்கவில்லை. அந்தக் காலப் புகைப்படத் தட்டுகளை எடுத்து ஒப்பிட்டபோது, 1966–67 ஏற்றமும் இதே மாதிரிதான் என்று உறுதியானது. ஒரு விண்மீனின் வரலாறு 37 வருடம் பின்னோக்கி நீண்டது, ஒருவர் தன் படத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்.

2004 முழுக்க விண்மீன் மேலேயே நின்றது, சிறு ஏற்ற இறக்கங்களோடு. 2005 கடைசியில் சில வாரங்களில் தொப்பென்று இறங்கியது. 2006 தொடக்கத்தில் பழைய மங்கலுக்கே போய்விட்டது. சரி, அடுத்தது இன்னும் 37 வருடம் கழித்து என்று பலர் நினைத்திருப்பார்கள். 2008 ஆகஸ்டில் மறுபடி எரிய ஆரம்பித்தது. ஐந்தே வருட இடைவெளி. இந்த முறை நின்ற காலமோ மிக நீளம். 2018 வாக்கில்தான் மங்கியது.

இதில் கால ஒழுங்கு என்று ஏதாவது தேடினால் கிடைக்காது. 37, பிறகு 5. நின்ற காலம் முதலில் ஓரிரு வருடம், பிறகு இரண்டு, பிறகு பத்து. இப்படிப்பட்ட தரவில் மூன்றே புள்ளிகளை வைத்துக்கொண்டு அடுத்த தேதி குறிப்பவர்கள் கைரேகை பார்க்கவே போகலாம்.

மூன்றாம் ஏற்றத்தைத் தொடர்ந்து பின்தொடர்ந்ததில் இந்தியர்களுக்குப் பெரிய பங்கு. 2008 செப்டம்பர் முதல் 2013 மார்ச் வரை 124 இரவுகள் ஒளி அளவீடும், 59 இரவுகள் நிறமாலையும் எடுத்தார்கள். லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இரண்டு மீட்டர் ஹிமாலயன் சந்திரா தொலைநோக்கியும், புனே பக்கத்து கிராவலி ஆய்வகத்தின் இரண்டு மீட்டர் தொலைநோக்கியும் பயன்பட்டன. ஹன்லே தொலைநோக்கியை ஓட்டுவதற்கு லடாக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஓசூருக்குக் கொஞ்சம் வடக்கே, கர்நாடக எல்லைக்குள் இருக்கும் ஹொசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியே இயக்குகிறார்கள். மாமா கொல்லையிலிருந்து பார்த்தால் அந்த மஞ்சள் வெளிச்சத்துக்குள்தான் எங்கோ அந்தக் கட்டுப்பாட்டு அறை. நான் திட்டிக்கொண்டிருந்த திசை அது.

கிழக்கே பார்த்தால் ஜவ்வாது மலையில் காவலூர். அங்கே இருக்கிற 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கைக்கெட்டும் பயணம். அது இந்தக் கதையில் வராது. ஆனாலும் சொல்லத் தோன்றியது.

எக்ஸ் கதிர் சொன்னது

இந்த நிகழ்வில் அதிர்ஷ்டம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். சந்திரா எக்ஸ் கதிர் விண்கலம் 2002 நவம்பரில், அதாவது ஏற்றம் தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பே, வேறு வேலையாக அந்த முகிலைப் பார்த்திருந்தது. அதனால் முன், பின் என்று இரண்டு அளவீடுகள் கிடைத்தன. 2004 மார்ச்சில் மறுபடி பார்த்தபோது எக்ஸ் கதிர் சுமார் 50 மடங்கு கூடியிருந்தது. ஹன்லேயில் இருக்கும் தொலைநோக்கிக்கும், விண்வெளியில் சுற்றும் இந்தக் கலத்துக்கும் பெயர் ஒன்றுதான். இரண்டும் சுப்பிரமணியன் சந்திரசேகர் நினைவாக வைக்கப்பட்டவை.

எக்ஸ் கதிர் ஏன் முக்கியம்? ஒளி கூடினால் பல காரணம் சொல்லலாம். எக்ஸ் கதிர் கூடினால் அங்கே ஏதோ கோடி டிகிரிக் கணக்கில் சூடேறுகிறது என்று பொருள். விண்மீனின் தோலோ சில ஆயிரம் டிகிரிதான்.

சந்திராவோடு சுசாக்கு, எக்ஸ்எம்எம்–நியூட்டன் விண்கலங்களின் பதிவுகளையும் சேர்த்துப் படித்து 2012-இல் ஒரு குழு முடிவுகளை வெளியிட்டது. எக்ஸ் கதிர் ஒரு நாளுக்கு ஒரு முறை கூடிக் குறைகிறது. விண்மீன் தன்னைத்தானே ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றுகிறது என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம். நம் சூரியனுக்கு ஏறக்குறைய ஒரு மாதம். அதுவும் இந்த விண்மீன் சிறியதல்ல. எடை சூரியனில் 80 சதவீதம், ஆனால் அளவு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஊதிப் பெருத்த, அடர்த்தி குறைந்த உடம்பு. அந்த உடம்போடு அந்த வேகத்தில் சுற்றுவது கிட்டத்தட்ட பிய்ந்து போகும் எல்லையில் இருப்பது. கொஞ்சம் கூடினால் நடுப்பகுதி தெறித்துவிடும்.

அதன் பரப்பில் இரண்டு சூடான திட்டுகள், எதிரெதிர்ப் பக்கங்களில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய சூரியன் அகலம், தோசை போலத் தட்டையானவை. ஒன்று மற்றதைவிட ஐந்து மடங்கு பிரகாசம். அங்கே வெப்பம் ஒரு கோடி டிகிரிக்கும் மேல். திட்டுகள் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றன என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. தாறுமாறாகப் பொருள் கொட்டினால் ஒரே இடத்தில் அப்படி நிற்காது. ஏதோ ஒரு வாய்க்கால் இருக்கிறது. காந்தப்புலம்தான் அந்த வாய்க்கால். வட்டின் உள் விளிம்பில் இருக்கும் வாயுவைக் காந்தக் கோடுகள் பிடித்துத் தூக்கி, வளைத்து, விண்மீனின் குறிப்பிட்ட இடங்களில் கொண்டுபோய் விடுகின்றன. பொருள் நேராக விழுந்து மோதும் இடம் கொதிக்கிறது.

தூசி விலகியதா, பொருள் விழுந்ததா

ஒரு விண்மீன் திடீரென்று பிரகாசமானால் இரண்டு சந்தேகம் வரும். உள்ளே விளக்கு கூடியிருக்கலாம். அல்லது முன்னால் நின்ற திரை விலகியிருக்கலாம். வி1647-க்கு முன்னால் தடித்த தூசித்திரை உண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் அளவுக்கு.

அன்று இரவு எனக்கு இந்தக் கேள்வி மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதே ஓரையனில், எம்78-க்குச் சில டிகிரி வடக்கே திருவாதிரை. வழக்கமாக அந்தக் கூட்டத்தில் ரீகல் என்ற பிரகாசமான மீனோடு போட்டி போடும் சிவப்பு மீன். 2019 டிசம்பரில் அது மங்கிக்கொண்டே வந்தது. வெறுங்கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. வெடிக்கப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் பறந்தன. அடுத்த பிப்ரவரி வரை இறங்கி, பிறகு மீண்டது. பின்னால் வந்த ஆய்வுகள், திருவாதிரை உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி நம் பார்வைக்கு முன்னால் வந்து நின்றது என்றும், மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்ததும் அதற்குத் துணை போனது என்றும் சொன்னன. அதாவது அங்கே திரை பெரிய வேலை செய்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. திருவாதிரை கிழம், வி1647 குழந்தை. ஆனால் திருவாதிரைக்கே வயது ஒரு கோடி வருடத்தைச் சுற்றித்தான். எடை கூடியவன் சீக்கிரம் வாழ்ந்து முடிக்கிறான். 460 கோடி வருடமான நம் சூரியன் நடுவயதுக்காரர்.

சரி, வி1647-க்கு வருவோம். திரை மட்டும் விலகியிருந்தால் நீல ஒளி அதிகமாகவும், அகச்சிவப்பு குறைவாகவும் கூட வேண்டும், தூசிக்கே உரிய விகிதத்தில். உண்மையில் அகச்சிவப்பிலும் மொத்த ஆற்றலிலும் நல்ல ஏற்றம். விண்மீன் வெளிவிடும் மொத்த ஒளி சுமார் பத்து மடங்கு கூடியது. எக்ஸ் கதிர் 50 மடங்கு. நிறமாலையில் ஹைட்ரஜன் கோட்டின் நீலப் பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்று நம்மை நோக்கி வீசுகிறது என்பதற்கு அடையாளம். பொருள் விழும்போது ஒரு பகுதி இப்படித் திரும்பி வீசப்படும், குழந்தை குடித்த பாலில் கொஞ்சம் கக்குவது போல. ஆகவே விளக்குதான் கூடியது.

ஆனால் திரையும் சும்மா இல்லை. நிறம் மாறிய விதத்தைப் பார்த்தால் ஏறும்போது தூசி கொஞ்சம் விலகியிருக்கிறது, இறங்கும்போது மறுபடி கூடியிருக்கிறது. பலமாக வீசிய காற்று பக்கத்துத் தூசியைத் தள்ளியிருக்கலாம், வெப்பம் எரித்திருக்கலாம். என் தீர்ப்பு: பொருள் விழுந்ததுதான் காரணம், தூசி விலகியது அதன் விளைவு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்று இதைப் பட்டிமன்றம் ஆக்குவதில் அர்த்தம் இல்லை.

எந்த இனம்

இப்படி ஏறும் இளம் விண்மீன்களில் இரண்டு இனம் சொல்வார்கள். ஒன்று எஃப்யூ ஓரையோனிஸ் இனம். 1936–37-இல் ஒரு வருடத்துக்குள் நூறு மடங்குக்கும் மேல் ஏறிய விண்மீன் அது, இன்றும் இறங்கவில்லை. மற்றது எக்ஸ் லூப்பி இனம். சில மாதம், ஒரு வருடம் எரிந்துவிட்டு அணைந்துவிடும், சில வருடம் கழித்து மறுபடி வரும். இந்த இரண்டு குடும்பத்தையும் வகுத்ததில் ஜார்ஜ் ஹெர்பிக்குப் பெரிய பங்கு.

வி1647 எதில் சேரும்? நிறமாலையில் கார்பன் மோனாக்சைடு கோடுகள் ஒளிர்ந்து தெரிவது எக்ஸ் லூப்பி போல. உறை இன்னும் சுற்றியிருப்பதும், பத்து வருடம் எரிந்ததும் எஃப்யூ பக்கம் இழுக்கிறது. 1966 முதல் மூன்று முறை வந்துபோனது மறுபடி எக்ஸ் லூப்பி பக்கம். நடுவில் ஓர் இனம் என்று சொல்லிப் பலர் முடித்துக்கொண்டார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது, அதோடு இன்னொன்று: இரண்டு பெட்டி என்பதே நாம் குறைவான விண்மீன்களைக் குறைவான காலம் பார்த்ததால் வந்ததோ என்னவோ.

அளவை வைத்துப் பார்த்தால் புரியும். சாதாரண டி டௌரி விண்மீன் ஒன்றில் வட்டிலிருந்து வருடத்துக்குச் சூரிய எடையில் பத்து கோடியில் ஒரு பங்கு விழுகிறது. நான்கு வருடத்துக்கு நம் நிலா ஒன்று விழுந்தால் எவ்வளவோ அவ்வளவு. வி1647 எரிந்த காலத்தில் சூரிய எடையில் லட்சத்தில் ஒரு பங்கு: வருடத்துக்கு மூன்று பூமி. எஃப்யூ ஓரையோனிஸில் வருடத்துக்கு முப்பது பூமிக்கு மேல்.

ஏன் இப்படி விட்டு விட்டு? வட்டில் மேலிருந்து பொருள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. உள்ளே போகும் வழி அவ்வளவு வேகமாக விடுவதில்லை. தேங்குகிறது. ஓர் எல்லை தாண்டியதும் சூடேறி, அல்லது தன் எடையிலேயே குலைந்து, ஒரேயடியாக உள்ளே பாய்கிறது. கே.ஆர்.பி. அணை நிரம்பி மதகைத் திறக்கும்போது தென்பெண்ணையில் தண்ணீர் வருமே, அந்த மாதிரி. மழை சீராகப் பெய்தாலும் ஆற்றில் வெள்ளம் சீராக வருவதில்லை. பக்கத்து விண்மீன் ஒன்று கடந்துபோய்க் கலக்கிவிடுவதாலும் இது நடக்கலாம் என்று சொல்கிறார்கள். எல்லா விண்மீனுக்கும் ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

இது ஒரு பழைய கணக்குச் சிக்கலையும் தளர்த்துகிறது. 1980-களில் ஐராஸ் தரவை வைத்துப் பார்த்தபோது, உறைக்குள் இருக்கும் குழந்தை விண்மீன்கள் எதிர்பார்த்ததைவிட மிக மங்கலாக இருந்தன. அவ்வளவு எடை அவ்வளவு காலத்துக்குள் சேர வேண்டும் என்றால், விழும் பொருளின் மோதலே இன்னும் பல மடங்கு ஒளி தர வேண்டும். ஒளியைக் காணோம். பெரும்பாலான நேரம் பட்டினி, எப்போதாவது ஒரே மூச்சில் சாப்பாடு என்று வைத்தால் கணக்கு நேராகிறது. ஏதோ ஒரு நாள் எட்டிப் பார்ப்பவர்களுக்குப் பட்டினி கிடக்கும் வீடுதான் கண்ணில் படும்.

பாடப்புத்தகப் படங்களோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் இங்கேதான். மேகம், அம்புக்குறி, குழந்தை விண்மீன், அம்புக்குறி, சூரியன். வழவழவென்று ஒரு கோடு. பிள்ளைகள் அதை அப்படியே எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். நம் சூரியனும் இப்படி விக்கி விக்கித்தான் வளர்ந்திருக்கும் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. அந்த ஏற்றம் வரும்போதெல்லாம் வட்டும் சூடேறும், உறைந்த நீர் ஆவியாகும் எல்லை வெளியே தள்ளிப்போகும். எக்ஸ் லூப்பியின் 2008 ஏற்றத்தின்போது வட்டில் இருந்த சாதாரணத் தூசி படிகமாக மாறியதை அகச்சிவப்பில் பார்த்தே இருக்கிறார்கள். வால்மீன்களில் அந்தப் படிகம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு அது ஒரு பதில்.

அன்று எடுத்த படம்

நடு இரவுவரை மூன்று நிமிடப் படங்களாக இருபது எடுத்தேன். பனி இறங்கி லென்ஸில் படிந்ததில் ஐந்தைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. மாமா ஒரு முறை பட்டாசு கொளுத்தினார். யானையா, சத்தமா என்று கேட்டதற்கு, சும்மா ஒரு சந்தேகம் என்றார். அதில் இன்னொரு படம் போனது.

மிச்சப் பதினான்கையும் அடுக்கிப் பார்த்தபோது எம்78 நன்றாக வந்திருந்தது, இரண்டு கண் விழித்தது போல அதன் நடுவில் இரண்டு விண்மீன்களோடு. தென்மேற்கே, மெக்நீல் நெபுலா இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. 2004-இல் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து, சுற்றியுள்ள விண்மீன்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி இடத்தை உறுதி செய்தேன். கறுப்புதான்.

ஆனால் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நெபுலா இல்லை என்பது வேறு. என் படத்தில் தெரியவில்லை என்பது வேறு. 80 மில்லிமீட்டர் லென்ஸ், 42 நிமிட ஒளி, பனி. என்னால் சொல்ல முடிந்தது, மெக்நீல் பார்த்த அளவு பிரகாசத்தில் அன்று அங்கே எதுவும் இல்லை என்பது மட்டும். அவருடைய கருவியும் என்னுடையதும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் அந்த அளவுக்கு ஒப்பீடு செல்லும்.

விடிகாலையில் மாமா வந்து திரையைப் பார்த்தார். எந்த இடம் என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன்.

"ஒண்ணுமில்லயே."

"ஆமா மாமா."

கோப்புக்குப் பெயர் கொடுத்தேன்: எம்78, 2019 டிசம்பர் 26, இரவு 10.40 முதல் 12.05 வரை, 14 படம், அஞ்செட்டி சாலை. குறிப்பில் 'நெபுலா தென்படவில்லை' என்று எழுதினேன். மாமா களத்துப் பக்கம் போய்ப் போரை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தார்.